மகாளய பட்சத்தில் வந்த கார்

ஹெப்பகோடியில் எங்கள் தெருவில் ஆயுத பூஜை அன்று பூசணிக்காய் உடைக்காத வீடு கிடையாது. சைக்கிள் வைத்திருப்பவரும் உடைப்பார், தையல் மெஷின் வைத்திருப்பவரும் உடைப்பார். எங்கள் வீட்டில் மட்டும் மூன்று வருஷம் இரண்டு பூசணிக்காய் வாங்கினோம். ஒன்று வாசலில் நின்ற பழைய வண்டிக்கு. இன்னொன்று வரப்போகிற புது வண்டிக்கு. பழைய வண்டிக்கு உடைத்தாகிவிடும். புது வண்டி வராது. மிஞ்சின பூசணிக்காயை நான் மோர்க்குழம்பில் போட்டுவிடுவேன்.

மூன்றாவது வருஷம் என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா, பிரேசர் டவுனிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்தார். குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். கையை நக்கிவிட்டுச் சொன்னார்:

"காரு ருசியாத்தான் கீதுமே."

கூட வந்த அவருடைய மகளும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் பலகையைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதை எழுத்துக் கூட்டி எழுதுவதற்கு நாளாகிறது, ஆகட்டும். அவசரப்பட்டு எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஒரு காருக்காக நாங்கள் பட்ட பாட்டையும், கடைசியில் அது எப்படி வந்து எங்கள் வாசலில் நின்றது என்பதையும் நான்தான் எழுதவேண்டும். வேறு யார் எழுதினாலும் என் பங்கைக் குறைத்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கவும் ஏற்றவும் இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. அதை கேஜ் என்போம். அந்தக் கூண்டின் கம்பிக் கயிற்றைச் சுற்றுகிற பெரிய இன்ஜின் மேலே ஒரு கட்டடத்தில் இருக்கும். கீழேயிருந்து மணி அடிப்பார்கள். மணியைக் கேட்டு இவர் லீவரைப் பிடிப்பார். கூண்டுக்குள் நிற்பவர்கள் இவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் உயிர் இவர் கையில்தான் இருந்தது. அவர் கூண்டை நிறுத்தினால் டம்ளர் தண்ணீர் தளும்பாது என்று எங்கள் லைனில் பேசிக்கொள்வார்கள். லைன் என்றால் கம்பெனி கொடுத்த வரிசை வீடுகள்.

வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும், குடும்பத்தோடு இன்ஜின் ரூமுக்குள் விடுவார்கள். இன்ஜின் எங்கள் வீட்டைவிடப் பெரியது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சுற்றியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு லீவருக்குப் பொட்டு வைப்பார். என் நாத்தனார் கல்யாணமாகிப் போன பிறகும் அந்த ஒரு நாளுக்குத் தவறாமல் வருவார். தம்பி பொட்டு வைக்கிறதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுரங்கம் தள்ளாடியது. பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை விடுகிறவர்கள் விடலாம் என்றார்கள். இவர் விட்டார். நாங்கள் ஹெப்பகோடிக்கு வந்தோம். வந்த பணத்தில் பாதியைக் கொடுத்து வீடு ஒன்றை லீஸுக்குப் பிடித்தோம். பெங்களூரில் லீஸ் வீடு என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பி வரும். மீதிப் பணத்தில் குண்டாக ஒரு வெள்ளைக் கார், பழையது, மஞ்சள் போர்டு போட்டது, வாங்கினோம். கூண்டை ஓட்டினவர் காரை ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த வயதில் கற்றுக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. வேலைக்கு வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட வண்டி வேண்டும். அதற்கு ஒரு காண்டிராக்டர். அவர் இவருக்கு ஒரு ரூட் கொடுத்தார். காலையில் பிரேசர் டவுனில் நாலு பேரை ஏற்றவேண்டும், சாயங்காலம் அங்கேயே இறக்கவேண்டும். நாத்தனார் வீட்டுத் தெருமுனை வழியாகத்தான் தினமும் போவார். அக்கா மாடியில் துணி காயப்போடுகிற சமயம். இவர் ஹாரன் அடிப்பார், அவர் கையை ஆட்டுவார். அதற்காகவே இவர் அந்த ரூட்டை விடமாட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு வெள்ளைக் காருக்கு மூப்பு வந்தது. மேடு ஏறும்போது இருமும். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நின்றால் மறுபடி கிளம்ப யோசிக்கும். மெக்கானிக் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் இல்லாத குறைதான், மற்றபடி எங்கள் சாப்பாட்டில் பங்கு அவனுக்கும் போனது.

புது வண்டி வாங்குவது என்று முடிவு செய்தோம். நான் கார்மெண்ட்ஸில் நூல் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் சம்பளத்தை அப்படியே அதற்கென்று ஒதுக்கினோம். எப்போது வாங்குவது என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஆயுத பூஜைக்குத்தான். சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு வருஷம் பிறப்பதே அன்றைக்குத்தான். புது இரும்பு வீட்டுக்கு வந்தால் அந்த நாளில் வரவேண்டும்.

முதல் வருஷம் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். கழுத்தில் டை கட்டிய பிள்ளை ஒருவர் காபி கொடுத்தார். விலையைச் சொன்னார். பேங்க் லோன் போக முன்பணமாகக் கையிலிருந்து இவ்வளவு வேண்டும் என்றார். எங்களிடம் அது இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு நிச்சயம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அடுத்த வருஷம் அந்த முன்பணம் சேர்ந்துவிட்டது. போனோம். அதே காபி. விலை ஏறியிருந்தது. எங்கள் பணம் நின்ற இடத்திலிருந்து இன்னும் சற்றுத் தூரத்தில் போய் நின்றது. ஏதோ புதுச் சட்டமாம், புகை குறைய வேண்டுமாம், அதற்கு ஏதோ புது இன்ஜினாம். "போன வருஷம் சொன்ன விலைக்கு அந்த வருஷத்து வண்டியைக் கொடுத்துடுங்க, எனக்குப் புகை வந்தாப் பரவாயில்ல" என்றேன். அந்தப் பிள்ளை சிரித்தார். பாவம், அவர் என்ன செய்வார்?

மூன்றாவது வருஷமும் போனோம். எங்களைப் பார்த்ததுமே அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, நீங்க எப்பவும் பூஜைக்கு முன்னாடிதான் வர்றீங்க. இந்த நேரத்துல ஊரே வருது. ஒரு ரூபா குறைக்கமாட்டாங்க. ஜனவரி வந்தா விலை ஏறிடும். டிசம்பர் கடைசியில வந்தீங்கன்னா, இருக்கிற வண்டியைத் தள்ளிவிட ஏதாவது குறைச்சுத் தருவாங்க."

என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "டிசம்பர்னா மார்கழி தம்பி. மார்கழியில யாரு வண்டி எடுப்பாங்க?"

அந்தப் பிள்ளை டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குத்தான் திரும்பி வருகிற பஸ்ஸில் உறைத்தது. நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். விலை நாள் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷந்தான் நாத்தனார் காரின் ருசியைப் பற்றிச் சொன்னது.

நான்காம் வருஷம் ஆவணி மாதக் கடைசி. ஒரு சாயங்காலம் இவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சாப்பிடுங்க."

சாப்பிடவில்லை. பிறகு சொன்னார். தீபாவளி வரைக்கும்தான் பழைய வண்டியாம். அதற்கப்புறம் ரூட்டில் புது வண்டி, ஏசி வண்டிதான் ஓடவேண்டுமாம். கம்பெனி சொல்லிவிட்டதாம். காண்டிராக்டர் நல்ல மனுஷன், இவரைக் கூப்பிட்டு, "அண்ணே, வண்டி இல்லாட்டியும் உங்களை நான் விடமாட்டேன். கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் வேலை கீது, சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டாராம்.

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் இவருக்கு அது உள்ளே எங்கேயோ இறங்கிவிட்டது. ஆயிரம் பேரைப் பூமிக்குள் இறக்கி ஏற்றின கை. அந்தக் கையால் இனி கேட்டைத் திறந்து மூடவேண்டும். உள்ளே போகிற ஒவ்வொரு காருக்கும் சலாம் வைக்கவேண்டும். வயிற்றுப் பிழைப்புக்கு வாட்ச்மேன் வேலை குறைவில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் அதுதான் செய்தார்கள். ஆனால் இவர் டிரைவர். டிரைவராகவே இருக்கவேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவரைக் கேட்டுக்கொண்டு அல்ல.

நான் கார்மெண்ட்ஸுக்குப் போகிற வழியில் ஒரு டிராவல்ஸ் ஷெட் இருந்தது. தகரக் கூரை. ஓனர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அங்கே எப்போதும் டிரைவர்கள் கூட்டம், டீ, சத்தம். அந்த வாரம் மட்டும் ஷெட் அமைதியாகக் கிடந்தது. வரிசையாகப் புது வண்டிகள். சீட்டில் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. மேலே புழுதி. ஒரு வண்டிக்கடியில் நாய் ஒன்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஓனர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், புது வண்டிங்களை வடாம் மாதிரி காயப் போட்டுகீறீங்க?"

"பட்ச மாசம் அம்மா" என்றார். "ஒரு டிரைவரும் சாவியைத் தொடமாட்டேன்றான். அமாவாசை போகட்டும், ஆமேல, அப்புறமா வர்றேன்றான்."

மகாளய பட்சத்தைத்தான் அவர்கள் பட்ச மாசம் என்பார்கள். மகாளய அமாவாசை வரைக்கும் இரண்டு வாரம். போய்ச் சேர்ந்தவர்களுக்குப் படைக்கிற நாட்கள். பெங்களூரில் அப்போது கல்யாணம் கிடையாது, புது வீட்டில் பால் காய்ச்சுவது கிடையாது, வண்டி எடுப்பது கிடையாது. அமாவாசை முடிந்து நவராத்திரி பிறந்ததும் எல்லோரும் ஒன்றாக முட்டி மோதுவார்கள்.

"வண்டி நின்னா பேங்க்காரன் நிப்பானா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அவனுக்கு ஏதும்மா பட்சம்? தேதி வந்தா தவணை கட்டணும். வண்டி ஓடினாலும் கட்டணும், தூங்கினாலும் கட்டணும்."

"இதெல்லாம் விலைக்கா, வாடகைக்கா?"

"லீஸுக்கும்மா." அப்போதுதான் விவரம் சொன்னார். வண்டிக்கு விலை ஏற ஏற டிரைவர்களால் சொந்தமாக வாங்க முடியவில்லை. அதனால் அவரே மொத்தமாக வாங்கி டிரைவர்களிடம் கொடுக்கிறார். முதலில் ஒரு தொகை, பிறகு மாதா மாதம் ஒரு தொகை. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். டிரைவர் டீசல் போட்டு ஓட்டிச் சம்பாதிக்கலாம். மூன்று வருஷம் கழித்து வண்டி அவருக்கே திரும்பிவிடும். இப்போது பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார்.

அன்று முழுவதும் நூல் வெட்டினேன். கை வெட்டியது, மனசு ஷெட்டில் நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இன்னா பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா? மாசா மாசம் கட்டிக்கினே இருப்போம், கடைசில வண்டியை அவன் எடுத்துக்கினு போயிடுவான். கையில இன்னா இருக்கும்?"

"சொந்தமா வாங்கினது கையில இருக்கே, வாசல்ல நிக்குதே வெள்ளைக் கிழவி. அதை வெச்சு இன்னா சாதிச்சோம்? மெக்கானிக்கு ரெண்டு மாடி கட்டிட்டான்."

"வீட்டு லீஸ்னா பணம் திரும்பும். இதுல திரும்பாது."

"திரும்ப வெக்கறேன்."

"யாரு, நீயா?"

"நான்தான். வேற யாரு இங்க நிக்கறாங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அசல் காரணத்துக்கு வந்தார். "சரி, அப்படியே எடுத்தாலும் இப்ப எப்படிமே எடுக்கறது? பட்சத்துல செத்தவங்கதான் வீட்டுக்கு வருவாங்க. புது வண்டி வருமா? அமாவாசை போவட்டும்."

"அமாவாசை போனா அவரு ஷெட்டுல நிக்க எடம் இருக்காது. அவரு சொல்றதுதான் பேச்சு. இப்ப போனா நாம சொல்றது பேச்சு." நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இதக் கேளுங்க. வாங்கினாத்தானே நாள் பார்க்கணும்? நாம வாங்கலையே. அவரு வாங்கிட்டாரு, நல்ல நாள்ல வாங்கினாரோ கெட்ட நாள்ல வாங்கினாரோ, அது அவரு தலைவலி. நமக்கு வேலைக்கு வண்டி வருது. சுரங்கத்துல ஷிப்டுக்குப் போறதுக்கு நாள் பார்த்தீங்களா? பட்சத்துல இன்ஜினை நிறுத்தினாங்களா?"

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டவில்லை. அதனால் கடைசியாக ஒன்று சொன்னேன். சொல்லக் கூடாதென்றுதான் வைத்திருந்தேன்.

"தொப்பி போட்டுக்கினு கேட்டைத் திறக்கறதுக்கும் நாள் பார்த்துட்டுத்தான் போவீங்களா?"

அவர் எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையைக் காட்டி, "அத இஸ்திரி போட்டு வையி" என்றார். "நாளைக்குப் போலாம்."

மறுநாள் நான் லீவு போட்டேன். ஷெட்டுக்குப் போனோம். ஓனர் எங்களை உட்காரவைத்தார். அந்த வாரத்தில் அவருக்கு ஆளைப் பார்த்ததே சந்தோஷம். என் வீட்டுக்காரர் வெள்ளி நிறத்தில் ஒரு வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார், சத்தத்தைக் கேட்டார். மறுபடி திறந்து மூடினார். எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் கை அதில் ஒட்டிவிட்டது என்று. நல்லவேளை ஓனருக்குத் தெரியவில்லை.

"எப்ப வேணும்?" என்றார் ஓனர். "நவராத்திரி மொதல் நாளா?"

"இன்னிக்கு" என்றேன்.

அவர் கையிலிருந்த பேப்பர் நழுவியது. "இன்னிக்கா? பேடாம்மா பேடா, வேண்டாம். பட்சத்துல வண்டியைக் கொடுத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்மேல பழி வரும்."

"வண்டி உங்களுது. உங்க வண்டி உங்ககிட்டதான் இருக்கப்போவுது. எங்க வீட்டுக்குப் புதுசா ஒண்ணும் வரலை. இவரு வேலைக்கு வர்றாரு, அவ்ளோதான். வேலைக்கு வர்றவனுக்குப் பட்சம் ஏது? இல்ல, அமாவாசை வரைக்கும் அந்த நாய்க்கு நிழல் வேணும்னு நெனக்கிறீங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவரிடம் பேரம் பேசுவது சுலபம். முதல் தொகையை எடுத்தேன். மூன்று வருஷமாக விலையைத் துரத்தி ஓடின பணம், மஞ்சள் பையில் இருந்தது. பையை மேஜையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டேன்.

"இது அட்வான்ஸ். வீட்டு லீஸ் மாதிரி. வண்டியை நாங்க திருப்பிக் குடுக்கும்போது நீங்க இதைத் திருப்பிக் குடுக்கணும்."

"ஆகல்லம்மா, முடியாது. யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்ல. வீடு தேயாது. வண்டி தேயும்."

"அந்தத் தேய்மானத்துக்குத்தானே மாசா மாசம் கட்டறோம்? ரெண்டு பக்கமும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி? கீறல் விழுந்தா, அடிபட்டா, அதுக்கு உண்டானதைப் பிடிச்சுக்குங்க. இவரு ஓட்டினா விழாது."

"இவர் அப்படி ஓட்டுவாரா?"

என் வீட்டுக்காரர் அதுவரை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மெதுவாகச் சொன்னார்: "கோலார் மைன்ஸ்ல வைண்டிங் டிரைவர் சார் நான்."

ஓனர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருடைய சித்தப்பா ஒருவர் அங்கே ஆபீஸில் இருந்தவராம். சின்ன வயதில் கூண்டு இறங்குகிறதைப் பார்த்திருக்கிறாராம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கன்னடத்திலேயே பேசினார்கள், எந்தச் சுரங்க ஷாப்ட், எந்த வருஷம் என்று. நான் பையின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பேச்சு முடிந்து ஓனர் என்னைப் பார்த்தார். வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். "வேற யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க."

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

என் வீட்டுக்காரர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. "ஆயுத பூஜை அன்னிக்கு வண்டி என் வாசல்ல நிக்கணும்."

இதற்குத்தான் அவர் நிஜமாகவே மறுத்தார். பணத்துக்குக்கூட அவ்வளவு மறுக்கவில்லை. பூஜைக்கு எல்லா வண்டிகளும் ஷெட்டில் வரிசையாக நிற்கவேண்டும், வாழைமரம் கட்டி அவர் மனைவி ஆரத்தி எடுப்பார், எல்லாம் அவருடைய லட்சுமிகள், ஒன்று குறைந்தாலும் வீட்டில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்றார்.

"லட்சுமியை மூணு வருஷத்துக்கு எங்க வீட்டுக்குக் கட்டிக் குடுக்கறீங்க" என்றேன். "கட்டிக் குடுத்த பொண்ணு பண்டிகைக்குப் புகுந்த வீட்லதானே விளக்கேத்துவா? சாயங்காலம் கூட்டியாந்து காட்டறோம். அம்மா கையால ஆரத்தி எடுக்கட்டும்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உங்களை வியாபாரத்துக்கு விட்டா நான் ஷெட்டை மூடிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகணும் அம்மா" என்றார். நானும் அவரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு அந்த வார்த்தை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

பத்திரத்தை என் வீட்டுக்காரர் வரி வரியாகப் படித்துச் சொன்னார். அட்வான்ஸ் திரும்பும் என்கிற வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். பூஜை விஷயம் அதில் எழுதவில்லை, வாய்ப் பேச்சுதான். கையெழுத்துப் போட்டோம். சாவி கை மாறியது.

சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. கற்பூரம் காட்டவில்லை. பொட்டு வைக்கவில்லை. அதெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், நாள் வரட்டும் என்று வண்டியிடமே சொன்னேன். இவர் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். நாய் எழுந்து கோபமாகப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கடியில் போய்ப் படுத்தது.

ஓசூர் ரோடு வரைக்கும் இவர் கண்ணை ரோட்டைவிட்டு எடுக்கவில்லை. ஒரு லாரி குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. அப்போது என் பக்கம் திரும்பினார்.

"டம்ளர்ல தண்ணி வெச்சாத் தளும்பாதுமே" என்றார்.

எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். அதற்கு நான் இன்னும் எத்தனை ஷோரூம் காபி வேண்டுமானாலும் குடித்திருப்பேன்.

தெருவில் பேச்சு கிளம்பியது. பட்சத்தில் வண்டி எடுத்திருக்கிறாள், என்ன ஆகுமோ பார் என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் வண்டி பிரேசர் டவுனுக்குப் போனது. காண்டிராக்டர் வந்து ஏசியைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். "ரூட் உங்களுதுதான் அண்ணே" என்றார். வாட்ச்மேன் பேச்சு அதோடு போயிற்று. காலையில் ஏறுகிற பெண்களில் ஒருத்தி, "அங்கிள், இனிமே பெட்ரோல் வாசனையில்லாம ஆபீஸ் போகலாம்" என்றாளாம். வெள்ளைக் கிழவியை மெக்கானிக்கே வாங்கிக்கொண்டான். அவன் கைக்குத்தான் அது அடங்கும்.

ஆயுத பூஜை வந்தது. நாத்தனாரும் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளையும் டாக்ஸி ஓட்டுகிறவர்தான், அந்த வருஷம் லோன் போட்டுச் சொந்தமாகப் புதுக் கார் எடுத்திருந்தார். அதை எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

எங்கள் வண்டியைக் கழுவி, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தேன். சாமந்தி மாலை என் கையால் கட்டியது. சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் ஒன்றுதான் வாங்கியிருந்தேன். மேலே ஓட்டை போட்டு உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, கற்பூரத்தை ஏற்றி, இவர் அதைச் சுற்றுவதற்குத் தூக்கினார். தெருவில் பாதிப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் குரலை இறக்கிப் பேசத் தெரியாதவர். "ஏம்மே, வண்டி உன்னுது இல்லையாமே? லீஸாமே? ஊரான் வண்டிக்கு எதுக்குமே பூசணிக்கா? நீ பாட்டுக்குக் கொழம்பு வெச்சிருக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தூக்கின கையோடு நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பிறகு மெல்ல, பூசணிக்காயைக் கீழே இறக்கினார். அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாதவர். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாரே, அதே முகம்.

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். இன்ஜின் ரூமுக்கு வருஷா வருஷம் வருவீங்களே. உங்க தம்பி லீவருக்குப் பொட்டு வெக்கறதைப் பார்த்துக் கண்ணு கலங்குவீங்களே. அந்த இன்ஜின் யாருது?"

நாத்தனார் வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"உங்க அப்பா வாங்கிப் போட்டதா? சீதனமா வந்துச்சா? கம்பெனியோட இன்ஜினு. நம்ம லைன் வீடு யாருது? அதுவும் கம்பெனியுது. இப்ப நிக்கறீங்களே, இந்த வாசல், இது லீஸு. இதுலதானே பொங்கல் வெச்சேன், உங்க பொண்ணுக்கு நலங்கு வெச்சேன்? பூஜை இரும்பு யாருதுன்னு பார்த்தா பண்றோம்? சோறு போடற இரும்புக்குப் பண்றோம். நீங்க தூக்குங்க!" கடைசிப் பேச்சு என் வீட்டுக்காரருக்கு.

அவர் தூக்கினார். மூன்று சுற்றுச் சுற்றினார். அன்றைக்கு அவர் போட்ட போடு எங்கள் தெருவில் யாரும் போட்டதில்லை. பூசணிக்காய் வெடித்துக் குங்குமத்தோடு நாலாப் பக்கமும் பறந்தது. ஒரு துண்டு மாப்பிள்ளையின் சொந்தக் காரின்மேல் போய் விழுந்தது. சில்லறைக்குப் பிள்ளைகள் பாய்ந்தன. இவர் ஏறி உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றினார். நாலும் ஒரே நேரத்தில் நசுங்கின. கைதட்டினார்கள். முதலில் தட்டினது யார் என்று நினைக்கிறீர்கள்? என் நாத்தனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். அவருக்குத் தம்பிமேல் பாசம் இல்லாமல் இல்லை, வாய்தான் முன்னால் ஓடும்.

அன்று மத்தியானம் மோர்க்குழம்பு இல்லை. கறிக்குழம்பும் வடையும். சாயங்காலம் சொன்ன சொல் மாறாமல் வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப் போய்க் காட்டினோம். ஓனர் மனைவி ஆரத்தி எடுத்து, எனக்கு வெற்றிலைபாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். பொண்ணு எடுத்த சம்பந்தி மரியாதை.

மூன்று வருஷம் அந்த வண்டி ஓடியது. திருப்பிக் கொடுத்த அன்று ஓனர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறல் தேடினார். கிடைக்கவில்லை. அட்வான்ஸை அப்படியே மேஜைமேல் வைத்தார். நான் அதை எடுக்காமல் அவர் பக்கமே தள்ளி, "அடுத்த வண்டியைக் காட்டுங்க" என்றேன். அதுவும் பட்ச மாசம்தான். வெளியே விலை அதற்குள் எவ்வளவோ ஏறிவிட்டிருந்தது. ஏறட்டும். அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிற வேலையை நாங்கள் விட்டுவிட்டோம்.

அந்த இரண்டாவது வண்டிக்கும் பூசணிக்காய் உடைத்தாகி, பண்டிகைச் சாப்பாடு முடிந்து, நாத்தனார் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் சொந்தக் கார் அந்த வருஷம் வரவில்லை. மெக்கானிக்கிடம் இருந்தது. எந்த மெக்கானிக் என்று சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். நாத்தனார் மகளும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் போகிற வரைக்கும் காத்திருந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை இறக்கிப் பேசினார்.

"ஏம்மே, உன் ஷெட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நம்ம மாப்பிள்ளைக்கும் ஒரு வண்டி... அட்வான்ஸ் திரும்பற மாதிரி."

நான் அவசரப்படவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து, அவர் கையில் கொடுத்தேன்.

"பட்ச மாசம் வரட்டும் அண்ணி" என்றேன்.